நெட்டு வயர்ல கறண்டு எப்படி போகுது? பிஓஇ கதையும் நம்ம ஊர் மக்கரும்

கேமரா கடைக்குப் போனா இப்ப முதல் கேள்வியே "பிஓஇ போடவா, சாதா போதுமா"ன்னு தான் வருது. நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எங்க போனாலும் டப்பா மேல அந்த மூணெழுத்து கொட்டையா இருக்கு. கேமராவுக்கு தனியா கறண்டு வயர் வேண்டாம், நெட்டு வயர் ஒண்ணே போதும்னு கடைக்காரர் சொல்லுவார். தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்த பிறகு தான் சந்தேகம் கிளம்பும். நூல் மாதிரி இருக்குற கம்பில கறண்டு எப்படி போகும், மழையில ஷாக் அடிக்காதா, தெரியாம லேப்டாப்ப அதுல சொருகிட்டா புகைஞ்சிடுமா, பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கேமரா பகல் பூரா நல்லா ஓடிட்டு இருட்டினதும் ஏன் செத்துப் போகுது.

பிஓஇ-ன்னா பவர் ஓவர் ஈதர்நெட். நெட்டு போற அதே கேபிள்ல கறண்டையும் சேர்த்து அனுப்புறது. கேமரா, வைஃபை டப்பா, ஆபீஸ்ல நெட்டு வழியா பேசுற ஐபி போன், இதெல்லாம் அதுல தான் ஓடுது. நம்ம மாவட்டத்துல இது சம்பந்தமா வர்ற தொல்லைல முக்கால்வாசி பிஓஇ மேல உள்ள குறை இல்ல, மட்டமான வயரும் "பிஓஇ"ன்னு பேர மட்டும் ஒட்டிட்டு வர்ற வேற ஒரு சாதனமும் சேர்ந்து பண்ற வேலை. அது எப்படின்னு அடியில இருந்தே பாத்துருவோம்.

லேண்ட்லைன் போன் ஞாபகம் இருக்கா

வீட்ல கறண்டு போனாலும் பழைய லேண்ட்லைன் போன் வேலை செய்யும். ஏன்னு யாரும் யோசிச்சதில்ல. அந்த போனுக்கு பிளக்கே கிடையாது, எக்ஸ்சேஞ்சுல ரூம் நிறைய பேட்டரி அடுக்கி வச்சு 48 வோல்ட் டிசிய (ஒரே திசைல ஓடுற கறண்டு) பேச்சு வர்ற அதே ரெண்டு கம்பிலயே அனுப்பிட்டு இருந்தாங்க.

2000 வாக்குல ஆபீஸ் போனெல்லாம் நெட்வொர்க்குக்கு மாறினப்ப இந்த வசதி காணாம போச்சு, ஒவ்வொரு மேசைலயும் போனுக்குன்னு ஒரு அடாப்டர் தேவைப்பட்டுது. சிஸ்கோ கம்பெனி தன்னோட போனுக்கு தன் சுவிட்ச்ல (பல நெட்டு வயர ஒண்ணா சேர்க்குற டப்பா) இருந்தே கறண்டு குடுக்குற ஒரு முறைய கொண்டு வந்தது அப்ப தான். ஆளாளுக்கு ஒரு முறை வச்சா ஒருத்தர் பொருள் இன்னொருத்தர் பொருளோட சேராதே, அதனால இந்த மாதிரி சாதனத்துக்கெல்லாம் விதிமுறை போடுற ஐ ட்ரிபிள் ஈ அமைப்பு 2003ல பொதுவா ஒரு விதிமுறை போட்டுது, பேரு 802.3ஏஎஃப். வோல்ட்டேஜ் அதே 48க்கு பக்கம் தான், சரியா சொன்னா 44ல இருந்து 57 வரைக்கும்.

ஒரே கம்பில ரெண்டும் கலந்துடாதா

நெட்டு கேபிள வெட்டிப் பாத்தா எட்டு கம்பி, ரெண்டு ரெண்டா முறுக்கி நாலு ஜோடி. பழைய 100 எம்பிபிஎஸ் முறைல டேட்டாவுக்கு ரெண்டு ஜோடி போதும், 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி. மிச்சம் 4-5, 7-8 சும்மா கிடக்கும். சும்மா கிடக்குற ஜோடில கறண்ட அனுப்புறது புரியுது. ஆனா 1000 எம்பிபிஎஸ் போற கிகாபிட்ல நாலு ஜோடியும் டேட்டாவுக்கே போயிடுது, அப்பவும் பிஓஇ வேலை செய்யுதே, அது எப்படி?

குளச்சல் கடல்ல ரெண்டு வள்ளம் பக்கத்துல பக்கத்துல நிக்குதுன்னு வைங்க. பெரிய அலை அடியில வந்தா ரெண்டும் சேர்ந்து உயரும், சேர்ந்து இறங்கும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் உயர வித்தியாசம் இருக்காது. டேட்டாங்கறது அந்த வித்தியாசம் தான். ஒரு ஜோடில உள்ள ரெண்டு கம்பிக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட் வித்தியாசம்னு மட்டும் தான் அந்தப் பக்கத்து சிப் பாக்கும். பிஓஇ என்ன பண்ணுதுன்னா ஒரு ஜோடில ரெண்டு கம்பியையும் சேர்த்தே 48 வோல்ட் உயரத்துக்கு தூக்கிடுது, இன்னொரு ஜோடிய கீழ வச்சுக்குது. ஜோடிக்குள்ள வித்தியாசம் மாறல, அதனால டேட்டாவுக்கு இப்படி ஒண்ணு நடக்குதுன்னே தெரியாது. ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவுல 48 வோல்ட் இருக்கு, கேமரா அத எடுத்துக்குது. ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டுக்குள்ளயும் ஒரு குட்டி ட்ரான்ஸ்பார்மர் உண்டு, அதோட நடுப்புள்ளி வழியா தான் இந்த டிசிய ஏத்துறதும் இறக்குறதும். டிசி ட்ரான்ஸ்பார்மர தாண்டாது, டேட்டா தாண்டிடும், ரெண்டும் தன்னால பிரிஞ்சுக்குது. கொள்ளாம் இல்லியா?

லேப்டாப்ப சொருகினா என்ன ஆகும்

விதிமுறைப்படி செஞ்ச சுவிட்ச்னா ஒண்ணும் ஆகாது, ஏன்னா அது எடுத்ததும் 48 வோல்ட்ட தள்ளி விடாது, முதல்ல தட்டிப் பாக்கும். நடக்குற வரிசை இது:

1. வயர் சொருகினதும் சுவிட்ச் சின்னதா ஒரு வோல்ட்டேஜ் விடும், 10 வோல்ட்டுக்குள்ள தான். அந்தப் பக்கம் 25 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் (கறண்ட தடுக்குற அளவு, ஓம்ல சொல்றது) தெரியுதான்னு அளந்து பாக்கும். பிஓஇ கேமராவுக்குள்ள இந்த 25 கிலோ ஓம் வேணும்னே வச்சிருப்பாங்க, அது தான் அடையாள அட்டை. லேப்டாப்ல அது கிடையாது, அதனால கறண்டு வராது, நெட்டு மட்டும் வரும்.

2. அடையாளம் சரியா இருந்தா வோல்ட்டேஜ 15.5ல இருந்து 20.5க்குள்ள ஏத்தி "உனக்கு எவ்வளவு வேணும்"னு கேக்கும். வாயால கேக்க முடியாதே, அதனால கேமரா குறிப்பிட்ட அளவு கறண்ட இழுத்துக் காட்டும். 10 மில்லி ஆம்பியர் பக்கம் இழுத்தா கிளாஸ் 1, 18 பக்கம்னா கிளாஸ் 2, 28னா கிளாஸ் 3, 40னா கிளாஸ் 4. ஏலக்கடைல விரல மடக்கி விலை சொல்ற மாதிரி தான்.

3. அதுக்கப்புறம் தான் முழு வோல்ட்டேஜ்.

4. விட்டுட்டு சும்மா இருக்காது, பாத்துட்டே இருக்கும். கேமரா இழுக்குறது 10 மில்லி ஆம்பியருக்கு கீழ போய் அரை செகண்டுக்குள்ள திரும்ப வரலன்னா வயர கழட்டிட்டாங்கன்னு முடிவு பண்ணி நிறுத்திடும். ஷார்ட் ஆனாலும் நிறுத்திடும். கேமரா வயர கழட்டி அதே வேகத்துல கம்ப்யூட்டர்ல சொருகினாலும் தப்பிக்கிறது இதனால தான்.

எவ்வளவு வாட்ஸ் கிடைக்கும்

2003ல வந்த முதல் விதில ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்ஸ். 2009ல 802.3ஏடி, இத பிஓஇ பிளஸ்ங்கறாங்க, 30 வாட்ஸ். 2018ல 802.3பிடி வந்துது, நாலு ஜோடியையும் சேர்த்து எடுத்து 60 வாட்ஸ், 90 வாட்ஸ்னு ரெண்டு வகை. இதெல்லாம் சுவிட்ச் தர்ற அளவு. கேமரா கைக்கு அதே அளவு வராது, 15.4க்கு 12.95, 30க்கு 25.5, 90க்கு 71.3 தான் உத்தரவாதம்.

நடுவுல போனது எங்க? வயர் குடிச்சிடுது. கணக்கு எளிசு தான். முதல் விதி எழுதினவங்க 100 மீட்டர் வயருக்கு கறண்டு போறது, திரும்ப வர்றது ரெண்டும் சேர்த்து அதிகபட்சம் 20 ஓம்னு வச்சாங்க, ஓடுற கறண்டு 0.35 ஆம்பியர். 0.35ஐ 0.35ஆல பெருக்கி 20ஆல பெருக்கினா 2.45 வாட்ஸ். 15.4ல அத கழிங்க, டக்குன்னு 12.95 வந்து நிக்கும். அடுத்த விதில நல்ல வயர கணக்கா வச்சு 12.5 ஓம், 0.6 ஆம்பியர், 4.5 வாட்ஸ் போகும், 30ல கழிச்சா 25.5. வயரோட ரெசிஸ்டன்ஸ் இந்த அளவ தாண்டாதுங்கறத நம்பி தான் மொத்த விதிமுறையும் நிக்குது, இத மனசுல வச்சுக்குங்க, பின்னால வேணும்.

இன்னொரு குழப்பம், எட்டு போர்ட் சுவிட்ச்ல "போர்ட்டுக்கு 30 வாட்ஸ்"னு போட்டிருக்கும், எட்டையும் பெருக்கி 240 வாட்ஸ்னு நினைச்சுடக் கூடாது. மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு வரம்பு தனியா சின்ன எழுத்துல இருக்கும், 65ஓ 120ஓ. சாதா கேமரா பெரும்பாலும் 4ல இருந்து 10 வாட்ஸ் தான் இழுக்கும்ங்கறதால ஒப்பேறிடும், சுத்திப் பாக்குற கேமரா ரெண்டு மூணு சேர்ந்தா ஒப்பேறாது.

ஷாக் அடிக்குமா

57 வோல்ட் டிசி, அதுவும் மேல சொன்ன மாதிரி கை வச்சா 25 கிலோ ஓம் அடையாளம் கிடைக்காததால கறண்டே வராது. ஓடிட்டு இருக்குற கேபிள வெட்டினா, ஈரக்கையா இருந்தா சுருக்குன்னு இருக்கலாம். வீட்டு 230 வோல்ட்டோட இத சேர்த்து பேசவே கூடாது. பயப்படணும்னா அடாப்டருக்காக மொட்டை மாடி வரைக்கும் இழுத்து டேப் சுத்தி வச்சிருக்காங்களே அந்த 230 வோல்ட் வயருக்கு பயப்படணும்.

கேக்காம குடுக்குறவன்

"பாசிவ் பிஓஇ"ன்னு ஒண்ணு விக்குது. விலை கம்மி. சின்ன கருப்பு டப்பா, ரெண்டு ஓட்டை, பின்னால ஒரு அடாப்டர். இல்லன்னா ரெண்டு வால் வச்ச ஜோடி, ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம். இதுக்கு கேக்கவும் தெரியாது அளக்கவும் தெரியாது. சொருகின நொடில இருந்து 4-5ல பிளஸ், 7-8ல மைனஸ், எப்பவும் நிக்கும். 12 வோல்ட்டும் இருக்கு, 24ம் இருக்கு, 48ம் இருக்கு. மாடில டிஷ் மாதிரி வச்சு வயர்லெஸ் நெட்டு குடுக்குறாங்களே, அதுல நிறைய 24 வோல்ட் பாசிவ் தான். அந்தந்த பொருளோட வந்தத அந்தந்த பொருளுக்கே மாட்டினா தப்பில்ல.

மாத்தி மாட்டினா தான் வினை. கம்ப்யூட்டர், டிவி, ரவுட்டர் இதோட நெட்வொர்க் போர்ட்ல பல போர்டுகள்ல 75 ஓம் ரெசிஸ்டர் ஜோடிக்கு ஒண்ணுன்னு வச்சிருப்பாங்க. 48 வோல்ட் பாசிவ் வயர அதுல சொருகினா ரெண்டு ரெசிஸ்டர் வழியா, அதாவது 150 ஓம் வழியா கறண்டு பாயும், 15 வாட்ஸுக்கு மேல. அந்த ரெசிஸ்டர் அரிசி மணில பாதி கூட இருக்காது. ஒரு பொடி நாத்தம் வரும், அவ்வளவு தான், போர்ட் போச்சு. "பிஓஇ-ல சொருகினேன், டிவி போச்சு"ன்னு சொல்றவங்க கிட்ட டப்பா படத்த அனுப்ப சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் இந்த ஐட்டமா தான் இருக்கும். வாங்கும்போது 802.3ஏஎஃப் இல்லன்னா 802.3ஏடி-ன்னு எழுதியிருக்கான்னு பாக்கணும், வெறும் "பிஓஇ"ன்னு மட்டும் இருந்தா நம்பக் கூடாது. என்னைக் கேட்டா வீட்டுக்கு புதுசா போடுறவங்க பாசிவ் பக்கமே போக வேண்டாம்.

ராத்திரி மட்டும் சாகுற கேமரா

இது தான் நம்ம பக்கம் ஜாஸ்தி கேக்குற புகார். இங்க வீடுங்கறது தெருவ ஒட்டி இருக்காது, விளைக்கு (தோப்பு) நடுவுல வீடு இருக்கும், கேட்டு ஒரு மூலைல, மோட்டார் ரூம் இன்னொரு மூலைல, ரப்பர் ஷீட் காயப்போடுற ஷெட் அதுக்கும் அந்தால. குலசேகரம், அருமனை பக்கமெல்லாம் வீட்ல இருந்து கேட்டுக்கு 60 மீட்டர் 80 மீட்டர் சாதாரணம். அங்க 12 வோல்ட் அடாப்டர வீட்ல வச்சு நெட்டு கேபிள்லயே கறண்ட இழுத்து கேமரா மாட்டுவாங்க.

கணக்கு போட்டுப் பாக்கலாம். நல்ல செம்பு கேட்5இ வயர் (சாதாரணமா போடுற நெட்டு வயர் வகை), 60 மீட்டர். ஒரு கம்பிக்கு 5 ஓம் பக்கம் வரும். போறதுக்கு ரெண்டு கம்பி, வர்றதுக்கு ரெண்டு கம்பி, ரெண்டு கம்பி சேர்ந்து போறதால ஒவ்வொரு பக்கமும் தடை பாதியாகி 2.5, மொத்தத்துக்கும் சேர்த்து அதே 5 ஓம்.

1. பகல்ல கேமரா அரை ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. அரைய 5ஆல பெருக்கினா 2.5 வோல்ட் வயர்லயே போகும். கேமராவுக்கு 9.5 வோல்ட். தட்டுத்தடுமாறி ஓடும்.

2. இருட்டினதும் கேமரா தன்னோட ஐஆர் லைட்ட போடும், நம்ம கண்ணுக்கு லேசா செவப்பா தெரியுமே அது. இப்ப 0.8 ஆம்பியர் இழுக்கும். 4 வோல்ட் வயர்ல போச்சு, கேமராவுக்கு 8 தான்.

3. 8 வோல்ட்ல கேமரா செத்துடும். செத்ததும் இழுக்குறது நிக்கும், வோல்ட்டேஜ் திரும்ப 12க்கு ஏறும், கேமரா உயிர் வந்து பூட் ஆகும், ஐஆர் போடும், திரும்ப சாகும். விடிய விடிய இதே கூத்து. காலைல போய்ப் பாத்தா நல்லபிள்ளையா ஓடிட்டு இருக்கும், மெக்கானிக் வந்து "கேமரா நல்லா தான இருக்கு அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு போயிடுவார்.

பல பேர் இங்க கேமராவ மாத்துறாங்க, அடாப்டர 1 ஆம்பியர்ல இருந்து 5 ஆம்பியரா மாத்துறாங்க. 5 ஆம்பியர் அடாப்டர் போட்டா வோல்ட்டேஜ் கூடுமா? வயர் அதே வயர் தான. 12 வோல்ட்ட வச்சு 5 ஓம் வயர் வழியா அந்தப் பக்கம் கொண்டு போக முடிஞ்ச உச்சமே 7 வாட்ஸ் சொச்சம் தான், அடாப்டர் எவ்வளவு பெருசா இருந்தாலும் சரி.

இப்ப பகல் கணக்குல வந்த அதே 6 வாட்ஸ (12 வோல்ட், அரை ஆம்பியர்) 48 வோல்ட்ல அனுப்பினா என்ன ஆகுதுன்னு பாருங்க. வோல்ட்டேஜ் நாலு மடங்கு, அதனால கறண்டு கால்வாசி, 0.125 ஆம்பியர். வயர்ல போறது 0.6 வோல்ட் சொச்சம். வீணாகுற வாட்ஸ் 1.25ல இருந்து 0.08க்கு இறங்கிடுது, பதினாறுல ஒரு பங்கு. ஆரல்வாய்மொழி காத்தாடில இருந்து வர்ற கறண்ட ஏன் பெரிய பெரிய டவர் நட்டு ஆயிரக்கணக்கான வோல்ட்ல அனுப்புறாங்களோ அதே காரணம் தான் இதுக்கும். பிஓஇ 48 வோல்ட்ட புடிச்சதுக்கு வேற ரகசியம் ஒண்ணுமில்ல, 60 வோல்ட்டுக்கு மேல போனா தொடுறதுக்கு பாதுகாப்பு இல்ல, ரொம்ப கீழ வந்தா வயர் தின்னுடும், நடுவுல நின்னுட்டாங்க.

100 மீட்டருக்கு மேல போகணும்னா? சில கேமரா சுவிட்ச்ல முன்னாடி ஒரு சின்ன பட்டன் இருக்கும், 250 மீட்டர்னு எழுதியிருக்கும். அத தள்ளினா வேகத்த 10 எம்பிபிஎஸ்க்கு இறக்கி தூரத்த கூட்டும். இது விதிமுறைல இல்லாத கம்பெனி வித்தை, ஒரு கேமராவுக்கு ஓடும், கறண்டு இழப்பு அப்படியே இருக்கும்ங்கறத மட்டும் மறக்கக் கூடாது.

ஒரு பிளேடு எடுத்து கம்பிய சுரண்டிப் பாருங்க

மேல போட்ட கணக்கெல்லாம் செம்பு வயருக்கு. கடைல விலை கம்மியா கிடைக்குற வயர்ல பாதி செம்பே கிடையாது. அலுமினியக் கம்பி மேல மெல்லிசா செம்பு பூசினது, சிசிஏ-ங்கறாங்க. வெட்டிப் பாத்தா வெளில இருந்து நல்ல செம்பு நிறம் தான். தோல உரிச்சு ஒரு கம்பிய மேசை மேல வச்சு பிளேடால லேசா இழுங்க, நாலு இழுப்புல செம்பு நிறம் போய் வெள்ளை தெரிஞ்சா அது தான். நகத்தால அஞ்சாறு தடவை அப்படி இப்படி மடக்குங்க, டக்குன்னு ஒடியும், செம்பு அவ்வளவு சீக்கிரம் ஒடியாது. பெட்டிய கைல தூக்கினாலே வெயிட்ல தெரிஞ்சுடும்.

ரெசிஸ்டன்ஸ் செம்ப விட ஒன்றரை மடங்குக்கு மேல. டேட்டா மட்டும் போனா கம்மி தூரத்துல பெருசா தெரியாது, அதனால தான் பழைய ஆட்கள் "நான் பத்து வருஷமா இத தான் இழுக்கேன், ஒண்ணும் ஆகல"ன்னு சத்தியம் பண்ணுவாங்க. கறண்டு போகும்போது தான் வண்டவாளம் வெளில வரும், விதிமுறை எழுதினவங்க நம்பின 12.5 ஓம் இங்க 20 ஆயிடுதே. சூடும் ஏறும். பத்து இருபது வயர ஒண்ணா கட்டி பைப்புக்குள்ள விட்டா நடுவுல உள்ள வயர் சூட்ட வெளில விட முடியாது. கிரிம்ப் பண்ணின (பிளக்க அழுத்தி மாட்டின) இடத்துல அலுமினியம் காத்து பட்டு ஆக்சைடு பிடிக்கும், பிடி தளரும்.

மீட்டர் இருக்குறவங்களுக்கு ஒரு சோதனை: 50 மீட்டர் வயர் எடுங்க, அந்தப் பக்கம் ஒரு ஜோடில ரெண்டு கம்பியையும் முறுக்கி விடுங்க, இந்தப் பக்கம் மீட்டர ஓம்ல வச்சு தொடுங்க. நல்ல செம்புன்னா 8, 9 காட்டும். 13 கிட்ட காட்டினா பெட்டிய கட்டி கடைக்கே திருப்பிக் குடுத்துடலாம்.

சுவிட்ச்ல ஆயிரம் ரெண்டாயிரம் கூட போட தயாரா இருக்குறவங்க வயர்ல மீட்டருக்கு ரெண்டு மூணு ரூபாய மிச்சம் பிடிக்கப் போறாங்க. எனக்கு இது எப்பவும் புரியாத விஷயம், சுவிட்ச நாளைக்கே மாத்தலாம், சுவத்துக்குள்ள போன வயர எப்படி மாத்துவீங்க?

உப்புக் காத்து பண்ற வேலை

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஒரு குருசடி (சிலுவை வச்ச சின்னக் கோயில்) மேலயோ வலை வைக்கிற ஷெட்லயோ மாட்டின கேமராவ ரெண்டு வருஷம் கழிச்சு கழட்டிப் பாருங்க. நெட்டு வயர் நுனில உள்ள ஆர்ஜே45 பிளக்குல எட்டு தங்க நிற பின் வரிசையா இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி துரு பிடிச்சிருக்காது. பச்சைப் பொடி 4லயும் 5லயும் தான் குவிஞ்சிருக்கும், சில நேரம் பின்னே அரிச்சு பாதி காணாம போயிருக்கும், பக்கத்துல 7ம் 8ம் ஏதோ பரவால்லன்னு இருக்கும்.

காரணம், பிளஸ் போறது அந்த ரெண்டுல தான், கறண்டு தனி ஜோடில போற வகைல. உப்பு வெள்ளம் பிளஸ் பின்னுக்கும் மைனஸ் பின்னுக்கும் நடுவுல ஒரு சொட்டு இருந்தாலும் அது வழியா கொஞ்சமா கறண்டு கசியும், அந்தக் கசிவுல பிளஸ் பக்கத்து உலோகம் கரையும். ஸ்கூல்ல காப்பர் சல்பேட்ல ரெண்டு தகடு முக்கி பேட்டரி குடுத்து காட்டுனாங்களே, அதே தான், இங்க சோதனைக் குழாய்க்கு பதில் நம்ம பிளக்கு. சும்மா கிடக்குற வயர விட கறண்டு ஓடுற வயர் கடலோரத்துல சீக்கிரம் கெடுறது இதனால தான். டிசி இருபத்து நாலு மணி நேரமும் ஒரே பக்கமா நிக்குது பாருங்க.

செய்ய வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. ஜாயின்ட் திறந்த வெளில இருக்கக் கூடாது, கேமராவோட வந்த அந்த ரப்பர் மூடிய தூக்கிப் போடாம மாட்டணும் (பாதிப் பேர் தூக்கிப் போட்டுடுறாங்க, டப்பால கிடக்கும்). வயர் டப்பாக்குள்ள நுழையுற இடத்துக்கு முன்னால கீழ தொங்குற மாதிரி ஒரு வளைவு விடணும், மழை வெள்ளம் வயர் வழியா ஓடி வந்தா அந்த வளைவுல சொட்டி கீழ போயிடும், உள்ள போகாது. நம்ம ஊருக்கு ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசி கார்த்திகைலயும் மழை, மத்த மாவட்டம் மாதிரி ஒரு சீசன் இல்ல, அதனால வளைவு விடாம போட்ட வயர் மாட்டிக்காம தப்பிக்க வழியே இல்ல.

இடி

சித்திரை வைகாசி சாயங்காலமும் ஐப்பசி மாசமும் இங்க இடி எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல, விளைல எரிஞ்சு நிக்குற மொட்டத் தென்னையே சொல்லும். பிஓஇ இடிய இழுக்குமான்னு கேக்காங்க. பிஓஇ இழுக்காது, நீளமான எந்த செம்பு வயருக்கும் அந்த ஆபத்து உண்டு. நேரா வயர் மேல விழணும்னு அவசியம் இல்ல, நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலே வயர்ல ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு நொடில பிறக்கும். நெட்வொர்க் போர்ட்ல உள்ள ட்ரான்ஸ்பார்மர் 1500 வோல்ட் தாங்கணும்னு விதி இருக்கு, சின்ன அதிர்ச்சிய தாங்கிக்கும், பக்கத்துல விழுந்தா தாங்காது.

1. ரெண்டு கட்டிடத்துக்கு நடுவுல செம்பு வயர் இழுக்காம இருக்குறது நல்லது. வீட்டு எர்த்தும் ஷெட்டு எர்த்தும் வேற வேற, இடி விழுந்த நொடில ரெண்டுக்கும் நடுவுல பெரிய வோல்ட் வித்தியாசம் வரும், அது ஓடுறதுக்கு கிடைச்ச பாலம் உங்க நெட்டு வயர்.

2. அதுக்கு பதிலா நடுவுல பைபர் போடலாம். பைபர் கண்ணாடி, கறண்டு தாண்டாது. ஆனா அதே காரணத்தால பிஓஇயும் தாண்டாது, அந்தப் பக்கம் ஒரு சின்ன பிஓஇ சுவிட்ச தனி கறண்டுல வைக்கணும்.

3. சர்ஜ் புரொடெக்டர் (திடீர்னு ஏறுற வோல்ட்ட எர்த்துக்கு திருப்பி விடுற சாதனம்) மாட்டினா அதுல இருந்து வர்ற பச்சை வயர எர்த்ல குடுக்கணும். குடுக்காம தொங்க விட்டா அது ஒரு வெறும் ஜாயின்ட், வேற ஒரு பிரயோஜனமும் இல்ல. தொங்க விட்டது தான் நிறைய பாக்கலாம்.

கறண்டு போன ராத்திரி

2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சு போஸ்ட்டெல்லாம் சாஞ்சு கிடந்தப்ப நாள் கணக்கா கறண்டு இல்லாம கிடந்தோம். அந்த மாதிரி நேரத்துல ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி அடாப்டர் போட்ட வீட்ல ஒரு கேமராவும் ஓடாது. பிஓஇல எல்லா கறண்டும் ஒரு சுவிட்ச்ல இருந்து தான் கிளம்புது, அந்த ஒண்ணுக்கு பேட்டரி குடுத்தா எல்லாம் ஓடும். எட்டு கேமரா ஆளுக்கு 6 வாட்ஸ்னா 48, சுவிட்சும் ரெக்கார்டரும் சேர்த்து ஒரு 30 வாட்ஸ் வைங்க, மொத்தம் 80 பக்கம். வீட்ல உள்ள 12 வோல்ட் 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரில கணக்குக்கு 1800 வாட் அவர், முழுசா உறிஞ்சாம, இன்வெர்ட்டர் தின்னுறத கழிச்சா 1200 தேறும். பதினைஞ்சு மணி நேரம் ஓடும், ஃபேன் லைட்ட அதுல சேர்க்கலன்னா.

இதுல எல்லாரும் கோட்டை விடுறது ஒண்ணு உண்டு. சுவிட்ச இன்வெர்ட்டர்ல மாட்டிடுவாங்க, ரெக்கார்டரையும் மாட்டிடுவாங்க. நெட்டு வர்ற பைபர் டப்பா டிவி பக்கத்துல வேற ரூம்ல சாதா பிளக்ல ஒரு 12 வோல்ட் அடாப்டர்ல தொங்கிட்டு இருக்கும். கறண்டு போனதும் கேமரா எட்டும் ஓடும், ரெக்கார்டும் ஆகும், துபாய்ல இருந்து மகன் போன்ல பாத்தா "ஆஃப்லைன்"னு காட்டும்.